பெட்டியின் அடியில் ஒரு வேட்டி

எனக்கு வேலை வன்கூவரில். புற்றுநோயோடு அப்பா ரொறன்ரோவில், தங்கச்சி வீட்டில். மாதாமாதம் விமானம் ஏறுவதால், பெட்டி அடுக்குவது கைப்பழக்கமாகிவிட்டது. சார்ஜர், சட்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெள்ளை வேட்டி. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். திடீரென்று தேவைப்பட்டால் என்று வைப்பேன். யாருக்கும் காட்டாமல் திருப்பிக் கொண்டுபோவேன்.

போன மாதம் நான் குளித்துவிட்டு வந்தபோது, அப்பா மூச்சு வாங்க அந்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அயன் பெட்டி சுட்டுக்கொண்டிருந்தது.

“சார்ஜர் எடுக்கத் திறந்தனான், தம்பி. உது கசங்கிக் கிடந்தது. அயன் பண்ணிட்டன்.”

நான் அயன் பெட்டியை நிறுத்தினேன். அப்பா தொடர்ந்தார்.

“ஒவ்வொருமுறையும் காவித் திரியாத. இஞ்சயே வைச்சிட்டுப் போ.”

கோயிலுக்குக் கட்டக் கொண்டுவந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “ஓம் அப்பா” என்றுதான் சொன்னேன்.