ரெண்டு வயசுப் பிள்ளையோடு எங்கே போகலாம்?

டிராவல் ஏஜென்சியில் உட்கார்ந்திருப்பவன் விற்பது பெரும்பாலும் அவன் தங்காத அறையை, அவன் போகாத ஊரில், அவனுக்குத் தெரியாத குடும்பத்துக்கு. கன்னட நாட்டுத் தலைநகரில், அடுகோடியில், கீழே டயர் கடை, மேலே எங்கள் ஆபீஸ். எட்டு வருஷமாக அங்கே இருக்கிறேன். மற்ற மாதங்கள் தேனிலவு, திருப்பதி, கம்பெனி டூர் என்று ஓடிவிடும். யுகாதியும் புனித வெள்ளியும் சனி ஞாயிறோடு ஒட்டி வரும் மார்ச், ஏப்ரலில்தான் அவர்கள் படியேறி வருவார்கள். முதுகில் ஒரு பை, தோளில் ஒரு பை, இடுப்பில் ஒன்றரை இரண்டு வயதில் ஒரு பிள்ளை. இரண்டு பேருக்கும் வேலை, பிள்ளை பிறந்ததிலிருந்து எங்கும் போகவில்லை, எப்படியோ மூன்று நாள் லீவு சேர்ந்திருக்கிறது. நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்பார்கள், "எங்க போலாம் சார்?"

அப்படிப் பிள்ளையையும் பால் புட்டியையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் இதைப் படித்தால், உங்களை அனுப்பிவைத்த ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்தான் என்று தெரிந்துகொள்ளலாம். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் அதிகம் இல்லை.

முப்பத்தாறு வளைவு

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிரபு என்று ஒருவர் வந்தார். சேலத்துக்காரர், இங்கே சாஃப்ட்வேர் வேலை. மனைவி, ஒன்றே கால் வயதுப் பையன். ஊட்டி போக வேண்டும் என்றார்கள். மைசூர் தாண்டி மசினகுடி வழியாகக் கல்லட்டி ஏறினால் தூரம் குறைவு என்று நான் சொன்னேன். பக்கத்து மேஜையில் இருக்கும் ரேவதி, "கொழந்த இருக்கே, கூடலூர் வழியா அனுப்பேன். சுத்துன்னாலும் மெதுவா ஏறும்" என்று என் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு அது வேலை தெரியாத பேச்சாகப் பட்டது. தாளில் 'முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு, காட்சி பிரமாதம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பில் வாங்கிக்கொண்டு போக பிரபு மட்டும் வந்தார். டிரிப் எப்படி இருந்தது என்று நானாகத்தான் கேட்டேன். பையன் நாலாவது வளைவில் வாந்தி எடுக்க ஆரம்பித்திருக்கிறான். எடுத்துப்போன சட்டையெல்லாம் தீர்ந்துபோய், ஊட்டிக் குளிரில் பிள்ளையை அப்பாவின் பனியனில் சுற்றிக்கொண்டு போய் இறங்கியிருக்கிறார்கள். மீதி இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "நீங்க எழுதிக் குடுத்தது சரிதாங்க. முப்பத்தாறு இருந்துச்சு. நான் ஒவ்வொண்ணா எண்ணினேன்."

கடலா, மலையா

ஒரு சனிக்கிழமை ஒரு தம்பதி, மடியில் ஒரு பையன். அவருக்குக் கடல், அந்த அம்மாவுக்கு மலை. பாண்டிச்சேரி என்று அவர் ஆரம்பித்தால் வெயில் என்று அந்த அம்மா முடிப்பார். குடகு என்று அந்த அம்மா சொன்னால், ஏழு மணி நேரம் காரில் யார் இவனைச் சமாளிப்பது என்று இவர் கேட்பார். வியாபாரம் கைநழுவாமல் இருக்க, பிள்ளை அழும்போதெல்லாம் ஒரு பிரசுரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். கிழிக்கட்டும், சத்தம் இல்லாமல் இருந்தால் சரி. அந்தமான் படம் போட்டதில் ஒரு மூலையை அவன் தின்றுவிட்டது பிறகுதான் தெரிந்தது. ரேவதி எழுந்து வந்து அவன் வாயில் விரல் விட்டு எடுத்தாள். எடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு அவன் தண்ணீர் கேனின் குழாயைக் கண்டுபிடித்தான். திறந்தான், மூடினான், டம்ளரில் பிடித்தான், தன் வயிற்றில் கொட்டிக்கொண்டான். முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. அம்மாவும் அப்பாவும் சண்டையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் பாண்டிச்சேரியை எடுத்தேன். அந்த அம்மா கைக்குட்டையால் அவன் வயிற்றைத் துடைத்தபடி கேட்டார்: "இவனுக்கு உங்க ஆபீஸே போதும் போலருக்கு சார். இங்க ரூம் இருக்கா?"

எனக்கும் ஒரு பொண்ணு

கல்யாணம் ஆகி மித்ரா பிறந்த பிறகு என் வியாபாரம் நன்றாக நடந்தது. காரணம் ஒரே ஒரு வாக்கியம். வந்தவர்கள் தயங்கும்போது, "எங்க வீட்லயும் ரெண்டு வயசுல பொண்ணு இருக்கா மேடம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். எதிரே இருக்கும் முகம் இளகும். "நாங்களே போயிட்டு வந்தோம்" என்று அதோடு சேர்த்துக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. என் மேஜையில் இருந்தபடியே மித்ரா குடகு போனாள், சிக்கமகளூர் போனாள், கோவாவில் மணல் வீடு கட்டினாள். நிஜத்தில் ஈஜிபுரா வீட்டை விட்டால் அவள் பார்த்திருந்தது தர்மபுரியில் என் மாமனார் வீடு ஒன்றுதான். அதுவும் என் மனைவி சுமதியோடு பஸ்ஸில். அந்த நாட்களில் எனக்கு ஆபீஸில் கூட்டம்.

ஸ்வேதா என்று ஒரு டீச்சர் வந்தார். கன்னடக்காரர், அடுகோடியிலேயே வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். இரண்டு வயதுப் பெண்ணோடு வயநாடு போகலாமா என்று கேட்டார். நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். "ஹௌதா, அப்படியா?" என்று முகம் மலர்ந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அங்க உங்க பொண்ணு என்ன சாப்பிட்டா?" இட்லி என்றேன். "மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்குவா? கார்லயே தூங்கிடுவாளா?" நான் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தேன். "டயபர் இன்னும் போடுறீங்களா, நிறுத்தியாச்சா?" எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. என் பெண் அந்த நேரத்தில் டயபர் போட்டிருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ரேவதி கம்ப்யூட்டருக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டாள். ஸ்வேதா மேடம் கோபப்படவில்லை. போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு மரியாதையாகவே சொன்னார்: "சார், உங்க மிஸஸ் நம்பர் குடுங்க. நான் அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்."

வயநாட்டுக்குப் போய்வந்த கதை

நம்பரைக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. சாயந்திரம் பஸ்ஸில் நின்றபடியே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். சுமதி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். நான் போனபோது மித்ராவுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வாய் ஊட்டி, வாயைத் துடைத்து, பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"ஸ்வேதா மேடம் கூப்பிட்டாங்க. இருபது நிமிஷம் பேசினோம்" என்றாள். பிள்ளை தூங்கும் நேரத்துக்கு வண்டி எடுக்கச் சொன்னாளாம். வீட்டில் விரிக்கும் போர்வையையே கொண்டுபோனால் புது இடத்தில் தூக்கம் வரும் என்றாளாம். ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்கு மேல் பார்க்க வேண்டாம் என்றாளாம். எட்டு வருஷத்தில் நான் யாருக்கும் சொல்லாத விஷயங்கள்.

"நாம போகலைன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"அவங்க 'வயநாட்டுல நீங்க'ன்னு ஆரம்பிச்சாங்க. எனக்குப் புரிஞ்சிருச்சி. நானும் வயநாட்டுலேயே பேசினேன்." என் பொய்யை அவள் வாயால் சொல்ல வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அடுத்த தடவை எங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க. நானும் தெரிஞ்சி வச்சிக்கிறேன்."

கண்ணாடிக் கதவு

அதோடு பொய் சொல்வதை நிறுத்திவிட்டேன்; வீட்டில் ஒரு பெண் இருப்பதை மட்டும் சொல்வேன். ஆனால் பொய் சொல்லாமல் இருப்பதும் ஒழுங்காக விசாரிப்பதும் ஒன்றல்ல என்பது ஷெர்லி வந்த பிறகுதான் தெரிந்தது. சிவாஜிநகர் பக்கம் வீடு. ஈஸ்டர் முடிந்து கணவர், இருபது மாதப் பையன் ஈவனோடு மூன்று நாள் எங்காவது போக வேண்டும் என்றார். ஊருக்கு வெளியே இரண்டு மணி நேரத்தில் ஒரு ரிசார்ட் பிடித்துக் கொடுத்தேன். பேசிப் பேசி, கூடுதல் கட்டணம் இல்லாமல் நீச்சல் குளத்தைப் பார்த்த தரைத்தள அறையே வாங்கித் தந்தேன். போட்டோவைக் காட்டி, "கதவத் தொறந்தா தண்ணி மேடம்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு ரொம்பப் பெருமை.

திங்கட்கிழமை ஷெர்லி பிள்ளையோடு வந்தார். போன அன்று சாயந்திரமே நடந்திருக்கிறது. கணவர் குளியலறையில். இவர் குனிந்து பெட்டியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக் கதவு சரியாகப் பூட்டவில்லை. ஈவன் அதைத் தள்ளிக்கொண்டு இரண்டு படி இறங்கி, தண்ணீர் ஓரத்துக்குப் போய்விட்டான். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை சோபாவைக் கதவுக்குக் குறுக்கே போட்டு, மாற்றி மாற்றி இரண்டு பேரும் அதில் உட்கார்ந்திருந்தார்களாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஈவன் என் சட்டைப்பையில் இருந்த பேனாவுக்குக் கை நீட்டினான். எடுத்துக் கொடுத்தேன்.

"ரிசார்ட்காரங்க கதவ..." என்று ஆரம்பித்தேன். அவர் தலையசைத்தார். "அவங்க எதையும் மறைக்கல சார். போட்டோலயே இருந்துச்சு. நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க. நான் அம்மா, என்னை நான் திட்டிக்கிறேன். உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். உங்க பொண்ணுக்குன்னா அந்த ரூம எடுத்திருப்பீங்களா?"

எங்கள் லீவு

அன்று வீட்டுக்குப் போய் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷெர்லியிலிருந்து ஆரம்பித்து, கோவா மணல் வீடு வரைக்கும். எதுவும் திட்டாமல் கேட்டுக்கொண்டாள். "நாமளும் ஒரு வாட்டி போலாம்" என்று முடிவில் சொன்னாள். நான் ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டேன். அவள் ஒவ்வொன்றாகக் கழித்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் கூடாது, வெயில் கூடாது, அறைக்குப் பக்கத்தில் கிணறோ குளமோ கூடாது. எனக்குத் தெரிந்த இடங்களில் கடைசியில் மிஞ்சியது ஏலகிரி. ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு கார். நானே போன் செய்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும், தாழ்ப்பாள் எவ்வளவு உயரம், காலையில் பால் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். விடுதிக்காரர் பொறுமையிழந்து, "நேர்ல வந்து பாத்துக்கோங்க சார்" என்று வைத்துவிட்டார். சுமதி கணக்குப் போட்ட நேரத்தில் வண்டி ஏறியதால் மலை முழுக்க மித்ரா தூங்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் சுமதி, "நான் ஒரு மணி நேரம் தூங்கப்போறேன். பிள்ளைய நீங்க பாத்துக்கோங்க" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் ஒரு மணி நேரம் அது. மித்ராவைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பத்து நிமிஷம் நன்றாகப் போனது. பிறகு "பிம்மா" என்றாள். எனக்குப் புரியவில்லை. பிஸ்கெட் கொடுத்தேன், தள்ளிவிட்டாள். பந்து கொடுத்தேன், போனில் படம் காட்டினேன். "பிம்மா, பிம்மா" என்று அழுகை ஏறிக்கொண்டே போய், புல்லில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்தாள். தூக்கப் போனால் என் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். அறைப் பக்கம் பார்த்தேன். சுமதியை எழுப்பக்கூடாது என்று இருந்தேன், ஆனால் இரண்டு அடி அந்தப் பக்கம் நடந்தும்விட்டேன்.

அறை துடைக்கும் அம்மா ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மித்ரா பக்கத்தில் குந்தினார். "இன்னா கண்ணு வோணும்?" என்று கேட்டார். மித்ராவின் கை ஆரம்பத்திலிருந்தே தோட்டத்துக் குழாயைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையைக் கவனிக்கவில்லை. அந்த அம்மா ஒரு மக்கில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். மித்ரா எழுந்து உட்கார்ந்து, அதை ஒரு ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். மறுபடியும் "பிம்மா" என்று மக்கை நீட்டினாள். அழுகை நின்றுவிட்டது. அந்த அம்மா முந்தானையால் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "நீங்க பாப்பாவுக்கு சித்தப்பாவா? புதுசுதான, அதான் பழக்கம் இல்ல. அவங்க அப்பா வரலியா?"

நான்தான் அப்பா என்று சொன்னேன். அவர் சங்கடத்தோடு சிரித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். சுமதி எழுந்து வரும்வரை நான் பிடித்துக் கொடுக்க, மித்ரா ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினொன்றாவது மக்குக்கோ பன்னிரண்டாவது மக்குக்கோ அவள் என் விரலைப் பிடித்து அடுத்த செடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பிள்ளையோடு போக ஊருக்கெல்லாம் இடம் சொன்னவன் சொந்தப் பிள்ளையிடம் அறிமுகமாக ஒரு மலை ஏற வேண்டியிருந்தது என்பதைத் தவிர, இந்தத் தொழிலில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்று ஆபீஸில் சொல்வதெல்லாம் உண்மைதான்.