சின்னவர் வாயை அடைக்கப் போட்டது

என் வீட்டுக்காரியை அவ வேலை பார்க்குற ரத்தப் பரிசோதனை லேப்ல யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடுறதில்லை. ஊசிக்காரம்மான்னாதான் தெரியும். பத்தொன்பது வருஷமா அங்க ரத்தம் எடுக்குறா. நரம்பே தட்டுப்படாத ஆளு, கையைத் தொட்டாலே ஊரைக் கூட்டுற குழந்தை, எல்லாரையும் அவ நாற்காலிக்குத்தான் அனுப்புவாங்க. "முடிஞ்சு போச்சு, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"னு அவ கேட்டப்புறம்தான் ஊசி போட்டதே அந்தக் குழந்தைக்குத் தெரியும்.

ஆனா ஜனங்க பயப்படுறது ஊசிக்கு இல்லை, அவ வாய்க்கு. காலையில ஏழு மணிக்கு வரிசையில உட்கார்ந்திருக்குறவங்ககிட்ட ஆரம்பிப்பா.

"வெறும் வயிறுதானே?"

"ஆமாம்மா."

"காபி?"

"காபி... அது அரை டம்ளர்தான்."

"பிஸ்கட்?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுன்னா எத்தனை?"

"மூணு."

"சரி, அரை டம்ளர் காபி, மூணு பிஸ்கட், மத்தபடி வெறும் வயிறு. எழுந்து வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வாங்க."

முதல் பதில் பொய், ரெண்டாவது பதில் பாதி, மூணாவது தடவைதான் உண்மை வரும்னு அவ கணக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அன்னிக்கு யார் யார் மாட்டினாங்கன்னு எங்கிட்ட நடிச்சுக் காட்டிச் சிரிப்பா. நானும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பேன். எங்கிட்ட மட்டும் அவ ரெண்டாவது கேள்வி கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நான் இதைச் சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நான் பஸ் டிப்போவுல டைம்கீப்பர். வண்டி உள்ள நுழையுற நேரத்தை எழுதுறது என் வேலை. "டிராபிக் சார், ரெண்டு நிமிஷம் முன்னாடி போட்டுக்கங்க"ன்னு கெஞ்சுற டிரைவருங்களை எத்தனை தடவை முறைச்சிருக்கேன்! ஒரு நிமிஷம் மாத்தி எழுதினவன் இல்லை. டிப்போவுல அவ்வளவு யோக்கியன். வீட்டுல எப்படின்னு கேளுங்க.

வீட்டுல நாங்க ரெண்டு பேர், கூட சின்னவர். சின்னவர்னா எங்க கிளி. காக்கட்டீல்னு சொல்லுவாங்க. சாம்பல் உடம்பு, மஞ்சக் கொண்டை, கன்னத்துல ரெண்டு பக்கமும் ஆரஞ்சுப் பொட்டு. நான் பெரியவராம், அதனால அது சின்னவராம், அவ வச்ச பேரு. ஏழு வருஷமா இருந்தார். காலையில அவ தலை வாரும்போது தோள்ல உட்கார்ந்து முடியைப் பிடிச்சு இழுப்பார். சாயங்காலம் படிக்கட்டுல அவ செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், விசில் அடிப்பார். எனக்கெல்லாம் அந்த மரியாதை கிடையாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு சுகர் வந்துச்சு. அன்னியிலேர்ந்து வீட்டுல பிஸ்கட், சிப்ஸ், உப்புக்கடலை எல்லாத்துக்கும் ஊரடங்கு. நான் காலை ஷிப்ட் முடிஞ்சு ரெண்டு மணிக்கு வந்துருவேன், அவ வர அஞ்சாகும். நடுவுல மூணு மணி நேரம். நாக்கு சும்மா இருக்குமா? ஆணியில தொங்குற மழைக்கோட்டுப் பையில பிஸ்கட் பாக்கெட்டை ஒளிச்சு வச்சேன். வெயில் காலத்துல மழைக்கோட்டை யாரு தொடப் போறா?

அவகிட்டேர்ந்து ஒளிச்சாச்சு, சின்னவர்கிட்டேர்ந்து ஒளிக்க முடியல. கவர் சரசரன்னு ஒரு சத்தம் கேட்டாப் போதும், கொண்டையைத் தூக்கிக்கிட்டு கம்பியில தொத்திக் கத்துவார் பாருங்க, காது கிழிஞ்சு போகும். மேல் மாடி வீட்டம்மா ஒருநாள் படியில வச்சு என் வீட்டுக்காரிகிட்டயே கேட்டுட்டாங்க, "என்ன, மத்தியானம் ஆனா உங்க கிளி இப்படிக் கத்துது?"ன்னு. அவ யோசிக்க ஆரம்பிச்சா மூணே கேள்வியில மழைக்கோட்டுக்கு வந்து நிப்பா. மறுநாளே சின்னவர் வாயை அடைக்க அரை பிஸ்கட்டை உள்ள நீட்டினேன். உடனே அமைதி. அவருக்கு அரை, எனக்கு நாலு. கடலைன்னா அவருக்கு ஆறு பருப்பு. கூட்டுக் களவாணிங்க மாதிரி ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டுத் தின்னுவோம். சத்தியமாச் சொல்றேன், அப்ப எனக்கு அது தப்பாவே தெரியல, தமாஷா இருந்துச்சு.

ஒரு வருஷம் போச்சு. சின்னவர் உருண்டையாயிட்டார். அலகு கோணலா வளர ஆரம்பிச்சுச்சு. ரெண்டு தடவை இறக்கையை அடிச்சா மூச்சு வாங்கும். அவதான் முதல்ல கவனிச்சு, பறவை டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா. நானும் கூடப் போனேன். சின்ன வயசு டாக்டர், பொறுமையா நெஞ்சைத் தடவிப் பார்த்து எடை போட்டார். தொண்ணூறு கிராம் இருக்க வேண்டியவர் நூத்திப் பதினெட்டு.

"ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கும்மா. இதுக்கு மருந்தைவிட சாப்பாடுதான் முக்கியம். சூரியகாந்தி விதையை நிறுத்துங்க. எண்ணெய், உப்பு, இனிப்பு ஆகவே ஆகாது. கீரை, கேரட், நான் சொல்ற குருணைத் தீவனம், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க, ஆறு வாரத்துல எடை இறங்கும். இறங்கிட்டாப் பிழைச்சுக்கும்."

அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும். "டாக்டர், பிஸ்கட்டும் குடுத்திருக்கேன்"னு ஒரு வார்த்தை. பக்கத்துல அவ நின்னுக்கிட்டிருந்தா. நான் கூரையில ஓடுற ஃபேனைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

அவ ஒண்ணு செய்யணும்னு எடுத்தா முழுசாச் செய்வா. சின்னத் தராசு வாங்கினா. தினம் விடிகாலையில கீரையைக் கழுவி, கேரட்டைச் சீவி, எடை பார்த்துக் கிண்ணத்துல வச்சுட்டுப் போவா. ஞாயித்துக்கிழமை சின்னவரைத் தராசுல உட்கார வச்சு டைரியில எழுதுவா. நான் என்ன செஞ்சேன்? ரெண்டு மணிக்கு வந்து கவரைப் பிரிச்சேன். அவர் கத்தினார். குடுத்தேன். குறைச்சுக்கலாம்னு நினைச்சேன், நினைச்சதோட சரி. வயிறு ரொம்பினவர் கேரட்டை ஏன் தொடப் போறார்? அவ வந்து பார்த்தா கிண்ணம் அப்படியே இருக்குமேன்னு, அதை நானே தின்னேன். அவர் கேரட்டை நான் தின்னேன், என் பிஸ்கட்டை அவர் தின்னார். காலிக் கிண்ணத்தைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சமத்து சின்னவர், பெரியவரைவிட நீங்க தேவலை"ன்னு கொஞ்சுவா.

ஆறு வாரம் கழிச்சு நூத்தி இருபத்தொண்ணு. "காத்தைக் குடிச்சே குண்டாகுறீங்களா?"ன்னு அவரையே கேட்டா. டாக்டர் டைரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வேற எதுவும் குடுக்கலையே அம்மா?"

"ஒரு பருக்கை இல்லை டாக்டர். அதுக்கு நான் பொறுப்பு."

லேப்ல வேலை பார்க்குறவங்க, கிராம் கணக்குல எழுதி வச்சிருக்காங்க, அவர் எதுக்குச் சந்தேகப்படணும்? இந்தச் சாப்பாட்டுக்கும் இறங்கலைன்னா இது வெறும் கொழுப்பு இல்லை, உள்ள கிருமி ஏதோ இருக்கணும்னார். அஞ்சு நாளைக்கு ஊசி. ஈரலுக்குக் கொஞ்சம் பாரம்தான், ஆனா வேற வழியில்லைன்னார். எனக்கும் அதே மாதிரிதான் நடந்திருந்துச்சு, மூணு மாச சுகர் இறங்கலைன்னு என் டாக்டர் ஒரு மாத்திரையை ரெண்டாக்கியிருந்தார். நான் தடியன், தாங்கிக்கிட்டேன்.

தினம் சாயங்காலம் போனோம். துண்டுல சுத்திப் பிடிச்சுக்குறது என் வேலை. நெஞ்சுச் சதையில ஊசி இறங்கும்போது என் விரலுக்குள்ள அந்த இதயம் படபடன்னு அடிச்சுக்கும். ஊசி போடுறதுக்கு முன்னாடி டாக்டர் தினமும் அதே கேள்வியைக் கேட்டார், அவ தினமும் அதே பதிலைச் சொன்னா. நான் துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

நாலாவது நாள் சாயங்காலம் அவ படியேறி வந்தப்ப விசில் வரல. சின்னவர் கூண்டு அடியில படுத்திருந்தார். "ரெண்டு மணிக்கு நான் வந்து பார்த்தப்பவே இப்படித்தான்"னு சொன்னேன். அவ அவரைக் கையில எடுத்து, கண்ணைத் தடவி மூடி, மடியில வச்சுக்கிட்டா. பின்பக்கம் முருங்கை மரத்தடியில குழி தோண்டினது நான்தான். அந்த நேரத்துலகூட, மழைக்கோட்டுல மிச்சம் இருக்குற பாக்கெட்டை எங்க தூக்கிப் போடுறதுன்னு என் புத்தி கணக்குப் போட்டுச்சு. சொல்லவே நாக்கு கூசுது.

அவ டாக்டருக்கு போன் பண்ணி, என்ன கிருமி, எங்கேர்ந்து வந்திருக்கும்னு துருவினா. எங்கேர்ந்து வேணா வரலாம்மா, நம்ம கையிலேர்ந்துகூட வரலாம்னு அவர் ஏதோ பொதுவாச் சொல்லிட்டார். அதை அவ பிடிச்சுக்கிட்டா. தினம் நூறு பேர் ரத்தத்தைத் தொடுற கை, அந்தக் கையாலதானே கேரட் சீவினேன், அந்தக் கையிலதானே அவரை உட்கார வச்சேன்னு ஆரம்பிச்சுட்டா. வந்ததும் பத்து நிமிஷம் கை கழுவுவா. அப்புறம் சமைக்கிறதுக்கு முன்னாடி, அப்புறம் பரிமாறுறதுக்கு முன்னாடி. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிஞ்சு சிவந்துருச்சு. லேப்ல ஒரு குழந்தைக்கு ஊசி போட்டப்ப நரம்பு தவறிருச்சாம். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. அதை என்னைப் பார்க்காமச் சொன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு, எல்லாத்துக்கும் ஒரு நேரம்"னு சொன்னேன். எனக்கே என்னைக் காறித் துப்பணும்போல இருந்துச்சு. ஆனாலும் சொல்லல.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வச்சா.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும். எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. என்னை ரத்தம் எடுக்குற இடத்துலேர்ந்து மாத்தி, ரிப்போர்ட் குடுக்குற கவுன்டருக்குப் போடச் சொல்லி."

"எதுக்கு?"

"அதைத்தான் காரணம்னு எழுதணும். சுத்தமா இருக்கத் தெரியாதவ ஊசியைத் தொடக்கூடாதுன்னு எழுதுங்க. என்னால ஒரு உசுரு போயிருச்சு."

பெறுநர் எழுதினேன், தேதி போட்டேன். காரணம்ங்கிற இடத்துக்கு வந்ததும் கை ஓடல. பேனாவைக் கீழ வச்சேன்.

"உன்னால இல்லை"ன்னேன். "நான் அதுக்கு பிஸ்கட் குடுத்தேன்."

அவ கத்தல. நாற்காலியை இழுத்து எனக்கு நேரா உட்கார்ந்தா. லேப்ல உட்காருவாளே, அப்படி.

"எப்ப?"

"எப்பவாவதுதான்."

"எப்பவாவதுன்னா?"

"வாரத்துல ரெண்டு மூணு நாள்..."

"ரெண்டு மூணுன்னா எத்தனை?"

"தினமும்."

"டாக்டர் சொன்னதுக்கு அப்புறமும்?"

"அப்புறமும்."

"கேரட்?"

"நான் தின்னேன்."

அவ உதடு துடிச்சுச்சு. அடக்கிக்கிட்டா. "ஊசி போட்ட நாள்ல? டாக்டர் கேட்டாரே, நான் பொறுப்புன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேனே, அந்த நாள்ல?"

"அப்பவும்."

"என்னைச் சொல்ல விட்டுட்டு நின்னீங்க."

"நின்னேன்."

"கடைசி நாள்?"

அன்னிக்கு நான் வந்தப்பவே போயிருச்சேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவ கையைப் பார்த்தேன், விரல் இடுக்குல ரத்தம் கட்டியிருந்த அந்தக் கையை. அதுக்கு மேல என்னால முடியல.

"நான் வந்தப்ப உசுரோட இருந்துச்சு. மூலையில உட்கார்ந்திருந்துச்சு. கவரைப் பிரிச்சேன். கத்தல."

"கத்தலையா?"

"கத்தல. நான் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து முழுப் பாக்கெட்டையும் தின்னேன். கை கழுவிட்டு வந்து பார்த்தப்பதான் கீழ கிடந்துச்சு."

அவ ரொம்ப மெதுவாக் கேட்டா.

"கத்தலைன்னதும் என்னங்க நினைச்சீங்க?"

"அப்பாடான்னு நினைச்சேன்."