என் கார்டில் பிறந்த பிள்ளைகள்

எனக்குப் பிறந்தது ஒரே பெண். ஆனால் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் புரட்டினால் நான் மூன்று பெற்றவள். மற்ற இரண்டையும் அதில் ஏற்றி வைத்தது வேறு யாருமில்லை, நானேதான்.

கோலார் தங்க வயலில் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீடுகளுக்கு இது தெரிந்த விஷயம். சுரங்கத்தில் வேலை பார்ப்பவரின் மனைவிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். அதற்கு ஒரு கார்டு, அதில் புருஷனின் நம்பர். ஊரிலிருந்து யார் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் நம் கார்டைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது என்பதால் நர்ஸ் கேட்டால் நம்பரைச் சொன்னால் போதும். நம்பருக்கு முகமா இருக்கிறது?

என் நாத்தனார் வட ஆற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். தாய் இல்லாத பெண்ணுக்கு அண்ணன் வீடுதானே தாய்வீடு. இரண்டு பிரசவத்துக்கும் எங்களிடம்தான் வந்தாள். இரண்டு தடவையும் என் பெயரில் அவள் படுத்திருந்தாள், நான் யாரோ சொந்தக்காரி மாதிரி கஞ்சி தூக்கிக்கொண்டு போனேன். “அண்ணி, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எனக்குச் சிரிப்பு வந்துடுது” என்பாள். இரண்டும் ஆண் பிள்ளைகள். எனக்குப் பொறாமை இருந்தது, அதை மறைப்பானேன். பெரியவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போதெல்லாம் இவன் எனக்கே பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். என் பெண்ணுக்கு எட்டு வயதாகியும் அடுத்தது தங்கவில்லை. நாலு நாள் தள்ளிப்போனால் போதும், மனசுக்குள் பெயர் வைக்க ஆரம்பித்துவிடுவேன்.

அப்போதுதான் எமர்ஜென்சி வந்தது. சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். மூன்று பிள்ளை உள்ள குடும்பங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் எங்கள் நம்பரும் இருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் ஒருவர் ஆபரேஷன் செய்துகொள்ளாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒரு ஆள் வந்து சொன்னார். மிரட்டக்கூட இல்லை. ரேஷன் அரிசி வந்திருக்கிறது என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனார்.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம், “நமக்கு ஒண்ணுதான்னு உண்மையைச் சொல்லிடலாமா?” என்று கேட்டேன்.

“கார்டை மாத்திக் குடுத்தோம்னு தெரிஞ்சா வேலையே போயிடும். அப்புறம் இன்னா பண்றது?” என்றார். சோற்றுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, “எனக்குப் பண்ணட்டும்” என்றார்.

ஆபரேஷன் செய்துகொண்ட ஆம்பளையால் கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை உடைக்க முடியாது என்று லைன் முழுக்கப் பேச்சு. நானும் அதை நம்பினேன். “யார் செஞ்சிகிட்டாலும் இனிமே நமக்குப் புள்ளை இல்ல. உங்க ஒடம்பாவது நல்லா இருக்கட்டும். நானே போறேன்” என்றேன். சொன்னேனே தவிர, அவர் வேண்டாம் என்று தடுப்பார் என எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆபரேஷனுக்காகப் பள்ளிக்கூடம் ஒன்றில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். “எத்தனை குழந்தைம்மா?” என்றாள் நர்ஸ். “மூணு.” மூன்று பேரின் வயதையும் வீட்டில் மனப்பாடம் செய்தபடி ஒப்பித்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனாலும் நேரமாகிறது என்று என் விரலைப் பிடித்து மையில் அமுக்கினார்கள். டாக்டரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

ஆட்சி மாறிய பிறகு, ஆபரேஷனில் போட்ட முடிச்சைத் திரும்பப் பிரித்துவிடலாம் என்று எங்கேயோ காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் வீட்டில் சொல்லாமல் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி, பங்காருபேட்டையில் மாறி, பெங்களூரில் ஒரு டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். ஒரே பெண், இன்னொன்று வேண்டும். இதைத்தான் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். முடிச்சைப் பிரிக்க வேண்டும் என்றதும் பேனாவை எடுத்துக்கொண்டு, “எத்தனை குழந்தைங்கம்மா உங்களுக்கு?” என்று கேட்டார்.

யாராவது பேனாவும் கையுமாகக் கேட்டாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். “மூணு” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“மூணு இருக்கே, அப்புறம் எதுக்கும்மா?” என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பசங்களா, பொண்ணுங்களா?”

இல்லை, எனக்கு ஒன்றுதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“மூத்தது பொண்ணு. அப்புறம் ரெண்டு பையன்” என்றேன். “பெரியவன் ரெண்டாங்கிளாஸ். நல்லாப் படிப்பான்.”

சொல்லும்போது சந்தோஷமாக இருந்தது.