கரைக்கு வராத படகு

கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் வளைகுடாவில்தான் இருந்தார். பணக்காரர்களின் பாய்ப்படகுகளைக் கழுவி, ஓட்டிப் பராமரிக்கிற வேலை. போன வருஷம் கோட்டக்குப்பத்துக்கு வந்தவர், சேர்த்ததையெல்லாம் போட்டு, புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய சின்னப் பாய்ப்படகை வாங்கினார். திண்டிவனத்துக்காரர் ஒருவர் மரக்காணம் கடற்கரையில் விடுதி கட்டியிருந்தார். தன் விருந்தாளிகளைக் கடலில் சுற்றிக் காட்ட அவர் இந்தப் படகை அமர்த்திக்கொண்டால், இவர் இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் திரும்பவும் விமானம்தான். பாஸ்போர்ட்டை நான் புடவைகளுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

படகைக் காட்டப் போன அன்று என்னையும் ஏற்றிக்கொண்டார். புதுச்சேரித் துறைமுக வாயைத் தாண்டியதும் மோட்டாரை அணைத்துப் பாயை விரித்தார். தெற்குக் காற்று முதுகில் தள்ள, வடக்கே போனோம். பின்னால் வந்த ஒவ்வொரு அலையும் படகின் வாலைத் தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளியது. சுக்கான் கட்டையை உடனே கொஞ்சம் திருப்ப வேண்டும். அசந்தால் பாய் சடாரென்று மறுபக்கம் புரளும். கட்டையை என் கையில் கொடுத்தார்.

“கெட்டியா புடிக்காத. அது போற போக்குல போயிக்கினே திருப்பு.”

“எங்கிட்ட இதுக்கு முன்னால ஒருநாளாவது இவ்ளோ பொறுமையா பேசியிருக்கீங்களா?” என்றேன். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மரக்காணத்துக்கு நேராக வந்தபோது விடுதிக்காரர் கரையில் நின்று ‘வா, வா’ என்று கையாட்டினார். இவரும் ‘வாங்க, வாங்க’ என்று கையாட்டினார். ஆளுக்கு ஆள் கூப்பிட்டார்களே தவிர, யாரும் நகரவில்லை. கடைசியில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“கிட்ட வாப்பா.”

“முடியாதுங்க சார். படகுக்கு அடியில நெஞ்சளவுக்கு இரும்பு இறங்கியிருக்குது, மண்ணுல குத்திக்கும். நீங்க மீன்புடிக்கிற ஃபைபர் போட்டு ஒண்ணுல ஏறி வந்தீங்கன்னா...”

“வர்ற குடும்பங்கள அலையில நனைய வெச்சி, ஒரு போட்டுலேர்ந்து இன்னொரு போட்டுக்கு ஏத்தச் சொல்றியா? கரைக்கு வராத போட்ட வெச்சிக்கினு நான் என்னா பண்றது?”

அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த மனுஷன்! நம் ஊர்ப் படகுகள் அலையோடு வந்து மணலில் ஏறி நிற்பவை. அதற்காகவே அடிப்பாகம் தட்டையாக இருக்கும்.

“இதுகூடவா மறந்துபோச்சி உங்களுக்கு?”

“அங்க எல்லா போட்டும் தண்ணியில கட்டுன மேடைய ஒட்டியே நிக்கும்மா” என்றார்.

திரும்பும்போது காற்று எதிரே. ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, கோணல்மாணலாகத் திரும்பித் திரும்பித்தான் போக முடிந்தது. அந்தப் பாழாய்ப்போன இரும்புதான் எங்களைக் கவிழாமல் பிடித்திருந்தது. ஒற்றை விரலுக்குக் கட்டுப்பட்டது படகு. மோசமான படகாக இருந்திருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

துறைமுகத்தில் கட்டியதும் பாயை இறக்கினார். ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து மடித்தோம். மடிப்பு மடிப்பாகக் கிட்டே வந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“பாஸ்போர்ட்ட எங்க வெச்சம்மா?”

“ஊட்டுக்குப் போயி எடுத்துத் தர்றேங்க” என்றேன்.