பாலத்து ராட்சசியைக் கொன்றவன்

மருமகளின் தோழியை நான் கொன்றுவிட்டேன். கம்ப்யூட்டர் கேமில்தான்... ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை.

கோச்சடையில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் ஸ்டெல்லா பேங்க் விட்டு வந்ததும் கொஞ்ச நேரம் லேப்டாப்பில் மாயாஜால கேம் விளையாடுவாள். அவளுடைய நாயகி, திருட்டை விட்டுத் திருந்தியவள். யாரையும் வெட்ட மாட்டாள். பேசியே வழி கண்டுபிடிப்பாள். அந்த கேமில் அதற்கும் இடம் உண்டு. பாலத்தைக் காக்கும் ராட்சசியைக்கூட மாதக்கணக்கில் பேசிப் பேசி சிநேகிதியாக்கியிருந்தாள்.

நான் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், செஸ் பைத்தியம். போன மாதம் ஒரு மத்தியானம், சும்மா பார்ப்போமே என்று அதைத் திறந்தேன். எதிரில் ராட்சசி, பக்கத்தில் மேடு. விடுவேனா? நாயகியின் கூட்டாளிகளில் வில்லாளியை மேட்டில் ஏற்றி, மந்திரவாதியைப் பின்னால் நிறுத்தி... நம் பக்கம் ஒரு கீறல்கூட இல்லை! பெருமையாக ‘சேவ்’ கொடுத்தேன் — அவள் சேமித்திருந்ததை அழித்து, அதன் மேலேயே.

சாயந்தரம் ஸ்டெல்லா வந்து திறந்து பார்த்தாள். “மாமா, அவ ‘வா தங்கச்சி’ன்னுதானே கூப்பிட்டா?”

“வசனத்த யாரும்மா படிச்சா? ஜெயிச்சுட்டோம்ல!”

“நான் ஜெயிக்கவா விளையாடுறேன்? எம்புட்டு நாள் பேசியிருப்பேன் அவகிட்ட...”

“அப்பாகிட்ட யாரு பேசி ஜெயிச்சா? விடு” என்றான் மகன். சிரிக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த கேமைத் தொடவும் இல்லை.

சண்டை மட்டம், பேச்சு உசத்தி என்று சொல்ல வரவில்லை. வியூகம் வகுப்பதில் தனி ருசி உண்டு. ஆனால் எதிரில் நிற்கிற யாரையும் எதிர்க்காயாகவே பார்க்கிற கண் இருக்கிறதே... சாப்பாட்டு மேஜையிலும் அந்தக் கண்ணோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளிடம் கேட்டுக்கொண்டு, புது ஆட்டம் ஆரம்பித்தேன். அதே திருடி. பாலம் வரை கத்தியை எடுப்பதில்லை என்று சங்கல்பம். எத்தனை தடவை செத்தேன்! “வழி மறிக்கிற இந்தப் பூதத்துக்கு என்னம்மா பதில் சொல்ல?” என்றால், “நீங்களே யோசிங்க மாமா” என்பாள். விடவில்லை. நேற்று பாலத்துக்கு வந்தேன். ராட்சசி வழி விட்டாள். தங்கச்சி என்று மட்டும் கூப்பிடவில்லை.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இவ உங்க ராட்சசி மாமா. என்னோடவ போயிட்டா.”

தலையாட்டினேன்.

போய்விடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சரி, அவகிட்ட என்னதான் சொன்னீங்க?” என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். இந்த வீட்டில், ஜெயிக்க நினைக்காமல் நான் பேசிய முதல் பேச்சு அது.