கேக் வேக இன்னும் பத்து நிமிடம்

1992 பெப்ரவரி 8, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, முற்றம் கூட்டி, சைக்கிளில் சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்தேன். சனிக்கிழமைகளில் என் சிநேகிதி புவனா வருவாள். எதையாவது தைப்போம், சுடுவோம். அன்று முற்றத்தில் கேக் வைத்தோம். சட்டிக்கு மேலும் கீழும் தேங்காய்ச் சிரட்டைத் தணல். நாற்பது நிமிடம் என்பது என் கணக்கு.

முப்பதாவது நிமிடத்தில் எங்கள் நாய் ஜிம்மி ஓடிப்போய், குண்டுவீச்சுக்குப் பதுங்க முற்றத்து மூலையில் வெட்டியிருந்த பங்கருக்குள் புகுந்தது.

"உவருக்குக் கேக் வாசம் பிடிக்கேல்லையாம்," என்று சிரித்தேன்.

விமான இரைச்சல் கேட்டுப் புவனா வானத்தைப் பார்த்தாள். "பொம்மர் வருது! வாடி!"

"இப்ப விட்டால் கருகிப்போடும். பத்து நிமிசம்தான். நீ போ, வாறன்."

"கேக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சாகப்போறியே? எழும்படி!"

பங்கருக்குள் இறங்கிவிட்டவள் என்னை இழுக்கத் திரும்பி வந்தாள். என் கையை அவள் பிடித்த கணத்தில் வேலிக்கு அப்பால், பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்தது.

கண் திறந்தபோது என் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அவளுடைய வலது கையிலிருந்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் என் பார்வை முதலில் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டுக்குத்தான் போனது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு தையல் போட்டார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கையால் தலை வார முடியாமல் இருந்தாள். சீப்பை வாங்கி, பின்னிவிட்டேன்.