போடாத கடைசி ஆட்டம்

மொன்றியல் துறைமுகக் கிடங்கில் என்னோடு வேலை செய்த போலந்துக்காரர், கோடையிலும் கழுத்தில் தன் அணியின் கம்பளிச் சால்வையோடுதான் வருவார். சாப்பாட்டு நேரத்தில் போலந்தின் முதல்தரக் கால்பந்துத் தொடரில் ஒரே ஒரு பழைய பருவத்தின் ஆட்டங்களைக் கைபேசியில் வரிசையாகப் பார்ப்பார். கடைசி ஆட்டம் வந்ததும் அதைப் போடாமல் மறுபடி முதல் ஆட்டத்துக்குப் போய்விடுவார்.

"வெண்டதோ தோத்ததோ, முடிவைப் பாரும் ஐசே!" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அண்ணை," என்றார். அந்தச் சொல் கிடங்கில் தமிழர் எங்களிடம் பழகியது, மிச்சமெல்லாம் பிரெஞ்சில்தான் சொன்னார். "அந்த ஆட்டம் முடிஞ்சு வந்த அடிதடியிலதான் என்ர தம்பி செத்தவன். நான் போடாதமட்டும் அவன் அங்க மைதானத்தில நிண்டு கத்திக்கொண்டிருப்பான்."

பிறகொரு மதியம் சால்வையைக் கழற்றி, மடித்து, என் முன்னால் வைத்தார். கடைசி ஆட்டத்தைப் போட்டார். வேலைக்குத் திரும்பும் மணி அடித்தது. அவரைத் தனியே விட்டு எழும்ப எனக்குப் பயமாக இருந்தது.